வளைந்ததை நிமிர்த்தலாமா?

மண்பாதை மோட்டார் சைக்கிளுக்கு ஹாண்டில் தெரிவு செய்தல்

எமது வீடுகளில் எப்பொருளையும் எளிதில் எறிந்துவிடும் வழக்கம் இல்லை. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவிப்போம். முறிந்த குடைக்குக் கம்பி மாற்றுவோம். வாய் மழுங்கிய மண்வெட்டியைக் கொல்லனிடம் கொடுத்துத் தோய்விப்போம். சிக்கனம் நம் முன்னோர் நமக்கு வைத்துச் சென்ற செல்வம். அதனைக் குறைகூற எவருக்கும் மனம் வராது. ஆயினும், சிக்கனம் பார்க்கத் தகாத பொருள்கள் சிலவும் உலகில் உண்டு. அவற்றுள் ஒன்றைப் பற்றியே இங்கு எழுதப் புகுகின்றேன். அந்த உண்மையை எனக்கு உணர்த்தியது என் தமக்கையாரின் மகனுடைய முறிந்த காறை எலும்பு.

பத்தொன்பது வயது நிரம்பிய அவனுக்கு, ‘டேர்ட் பைக்’ என்று இளைஞர் கூறும் மண்பாதை மோட்டார் சைக்கிள் என்றால் உயிர். ஒருநாள் பயிற்சித் திடலின் வளைவொன்றிற் சறுக்கி விழுந்தான். உடலிற் சிறு சிராய்ப்புத் தவிர வேறொன்றும் இல்லை. ஆனால், வண்டியின் ஹாண்டில் இடப்பக்கத்தில் ஓர் அங்குலம் கீழே வளைந்துவிட்டது. புதிய ஹாண்டில் வாங்கப் பணம் கேட்டான். தாயார் என்னைக் கலந்தாலோசித்தார். “நிமிர்த்தினால் தீர்ந்தது; புதிது எதற்கு?” என்று தீர்ப்புக் கூறியவன் நானே. பட்டறையில் நீண்ட இரும்புக் குழாயொன்றை ஹாண்டிலின் நுனியிற் செருகி, அரை மணி நேரத்தில் நிமிர்த்திக் கொடுத்தனர். “கோடு கீறியதுபோல நிற்கிறது, மாமா” என்று அவனும் மகிழ்ந்தான். பணம் மிச்சம் என்று நானும் மகிழ்ந்தேன்.

மூன்று வாரங்கள் சென்றன. இடுப்பளவு உயரங்கூட இல்லாத மண்மேடு ஒன்றிலிருந்து இறங்கும்போது, அந்த ஹாண்டில் நடுவிலே பூட்டப்பட்டிருந்த இடத்தின் ஓரமாக ஓசையின்றி முறிந்தது. இடக்கையில் ஒரு துண்டைப் பிடித்தபடியே அவன் தோள் நிலத்தில் மோத விழுந்தான். “காறை எலும்போடு போயிற்று, கழுத்துத் தப்பியதே பெரிய காரியம்” என்றார் டொக்டர். தமக்கையார் என்னை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதுவே எனக்குப் பெருந் தண்டனையாயிற்று.

முறிந்த துண்டை வீட்டுக்கு எடுத்துவந்து வெளிச்சத்திற் பார்த்தேன். முறிந்த முகத்தின் ஒரு பகுதி மங்கி வழவழப்பாயிருந்தது. எஞ்சிய பகுதி கரடுமுரடாகப் பளபளத்தது. அந்த வேறுபாட்டின் காரணத்தைத் தேடத் தொடங்கியபோதுதான், சாதாரணமான ஒரு வளைந்த குழாய் என்று நான் எண்ணியிருந்த பொருளுக்குள் எத்துணை நுட்பம் அடங்கியிருக்கின்றது என்பது புலனாயிற்று. அறிந்தவற்றை, இத்தகைய வண்டியில் ஆசைகொண்ட மாணவர்க்கும் அவர்தம் பெற்றோர்க்கும் பயன்படுமென்று கருதி இங்கே தருகின்றேன்.

ஒரு விளையாட்டின் வரலாறு

மண்ணிலும் சேற்றிலும் மோட்டார் சைக்கிள் ஓட்டும் பந்தயம் இங்கிலாந்திற் பிறந்தது. 1924ஆம் ஆண்டு சரே மாவட்டத்துக் கேம்பர்லி என்னுமிடத்தில் நடந்த பந்தயத்தையே முதலாவதாகக் கூறுவர். அக்காலத்தில் அதற்கு ‘ஸ்கிறாம்பிள்’ என்று பெயர். பின்னர் பெல்ஜியத்திலும் பிரான்சிலும் பரவியபோது ‘மோட்டோகுறொஸ்’ என்ற பெயரைப் பெற்றது. 1947இல் ஒல்லாந்தில் நாடுகளுக்கிடையே நடந்த முதற் போட்டியில் பிரித்தானியர் வென்றனர். 1957இல் 500 சீசீ வண்டிகளுக்கான உலகப் பட்டம் ஏற்பட்டபோது, அதனை முதலிற் பெற்றவர் சுவீடன் நாட்டவரான பில் நில்சன்.

நமது நாட்டிலும் இவ்விளையாட்டுக்கு அன்பர்கள் பலர். தியத்தலாவையில் ‘பொக்ஸ் ஹில்’ என்ற பெயரிலும், அநுராதபுரத்தைச் சேர்ந்த சாலியபுரத்திற் ‘கஜபா’ என்ற பெயரிலும் நடந்த பந்தயங்களைக் காண மக்கள் திரள்திரளாகச் சென்றதை வாசகர் பலர் அறிவர்.

1960ஆம் ஆண்டுகளின் வண்டிகளில், பின்சில்லு மேலும் கீழும் அசையும் தூரம் ஏறக்குறைய 100 மில்லிமீற்றரே. இன்றைய பந்தய வண்டிகளில் அது 300 மில்லிமீற்றர் வரையில் வளர்ந்துள்ளது. தாங்கும் விற்கள் நீண்டதனால் மேடுகளும் உயர்ந்தன, பாய்ச்சலும் நீண்டது. அப்பாய்ச்சலின் முடிவில் வரும் அடியைக் கால்கள் பெரும்பாலும் வாங்கினும், எஞ்சியது கைகளுக்கே வந்து சேருகின்றது. அந்தக் கைகளுக்கும் வண்டிக்கும் இடையில் நிற்பது ஹாண்டில் ஒன்றே.

உருக்கும் அலுமினியமும்

தொடக்கத்தில் எல்லா ஹாண்டில்களும் உருக்குக் குழாய்களே. உருக்கு உறுதியானது, விலை குறைந்தது. ஆனால் பாரம் மிகுந்தது. சாதாரண மென்னுருக்கு, ஒவ்வொரு வீழ்ச்சியிலும் சிறிது சிறிதாக வளைந்துகொண்டே போகும்.

1969ஆம் ஆண்டு இங்கிலாந்தில் றென்ஷோ, றோசென்தால் என்னும் இருவர் தத்தம் பெயர்களின் பாதிகளைச் சேர்த்து ‘றென்தால்’ என்ற கம்பனியைத் தொடங்கினர். அலுமினியக் கலப்புலோகத்தாற் செய்த ஹாண்டில்களைப் பந்தயத் திடலில் வேரூன்றச் செய்தவர்களுள் இவர்கள் முக்கியமானவர்கள். அலுமினியத்தின் பாரம் உருக்கின் பாரத்தில் மூன்றிலொரு பங்கு. அதன் விறைப்பும் மூன்றிலொரு பங்கே. ஆகையால் அலுமினிய ஹாண்டிலின் சுவரைத் தடிப்பாகச் செய்கின்றனர். அவ்வாறு செய்தும் அது உருக்கினும் இலேசாகவே அமைகின்றது.

அலுமினியம் என்றால் எல்லாம் ஒன்றன்று. செம்பு சேர்ந்த 2014, நாகம் சேர்ந்த 7010, 7075 என்று எண்களாற் குறிக்கப்படும் கலப்புலோகங்களே நல்ல ஹாண்டில்களுக்குப் பயன்படுகின்றன. மலிவானவற்றில் 6061 என்ற வகை காணப்படும். 7075 வகை வளையாது தாங்கும் பாரத்திற் பாதிக்குச் சற்றுக் கூடுதலாகவே இது தாங்கும். எண்ணை அடுத்து ‘ரி6’ என்ற குறி இருப்பின், அது வெப்பமூட்டிப் பதப்படுத்தியது என்று பொருள். இப்பதத்திலேதான் அதன் வலிமை முழுவதும் தங்கியிருக்கின்றது. பட்டறையில் விளக்கு வைத்துச் சூடாக்கி நிமிர்த்தினால், அந்தப் பதம் அங்கேயே கெட்டுவிடும். கண்ணுக்கு நேராகத் தோன்றும்; உள்ளே உரம் இராது.

சூடாக்காமல் நிமிர்த்தினாலும் ஆபத்து நீங்குவதில்லை. ஒரு கம்பியை முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் அது முறிவதைச் சிறுவரும் அறிவர். உலோகம் களைத்துப்போகின்றது என்பர் பொறியியலாளர். உருக்குக்கு ஒரு நற்குணம் உண்டு. ஓரளவுக்குக் குறைந்த பாரமாயின், எத்தனை இலட்சம் தடவை ஏற்றி இறக்கினும் அது களைப்பதில்லை. அலுமினியத்துக்கு அத்தகைய எல்லை இல்லை. சிறிய அதிர்ச்சிகளும் அதன் ஆயுட் கணக்கில் எழுதப்பட்டுக்கொண்டே போகும். எங்காவது ஒரு கீறல் இருப்பின், அங்கே மயிரிழை வெடிப்புத் தோன்றி, நாளுக்கு நாள் உள்ளே செல்லும். நான் கண்ட மங்கிய வழவழப்பான பகுதி, மெல்ல மெல்ல வெடித்துச் சென்ற இடம். பளபளத்த கரடான பகுதி, கடைசிக் கணத்தில் ஒரேயடியாக முறிந்த இடம். அந்த மூன்று வாரங்களும் அவன் பாதி முறிந்த ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டே ஓடியிருக்கின்றான்.

கமுகும் பனையும்

ஹாண்டில் உறுதியாய் இருக்கவேண்டும் என்று யாவரும் கூறுவர். அது வளைந்து கொடுக்கவும் வேண்டும் என்பதைப் பலர் நினைப்பதில்லை. காற்றிற் பனை நிமிர்ந்து நிற்கும். கமுகு வளைந்து நிமிரும். ஹாண்டிலில் இவ்விரு குணங்களும் வேண்டும். சற்றும் வளையாத ஹாண்டில் ஒவ்வோர் அடியையும் அப்படியே மணிக்கட்டுக்கு அனுப்பும். மிகவும் நெகிழும் ஹாண்டிலோ, திருப்பும்போது கைக்கும் சில்லுக்கும் இடையே பொய் பேசும்.

பழைய முறை ஹாண்டிலின் விட்டம் முழுவதும் 22.2 மில்லிமீற்றர், அதாவது ஓர் அங்குலத்தில் எட்டில் ஏழு பங்கு. அது மண்பாதைக்குப் போதாமையால், இரு வளைவுகளையும் இணைத்து மேலே ஒரு குறுக்குத் தண்டு பூட்டினர். குறுக்குத் தண்டு வலிமையைக் கூட்டுகின்றது. அதே வேளையில் வளைந்து கொடுக்கும் தன்மையைக் குறைக்கின்றது.

1990ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவிலிருந்து ‘புறோடேப்பர்’ என்ற பெயரில் வேறொரு முறை வந்தது. நடுவில் 28.6 மில்லிமீற்றர் பருமனாகத் தொடங்கி, கைபிடிக்கும் இடத்தில் வழக்கமான 22.2 மில்லிமீற்றராக ஒடுங்கும் அதற்குக் குறுக்குத் தண்டு இல்லை. மூங்கிலை நினைத்துப் பாருங்கள்: உள்ளே வெற்றிடம், ஆயினும் உறுதி. குழாயின் சுவர் ஒரே தடிப்பாயிருக்க, விட்டத்தை 22இலிருந்து 28 மில்லிமீற்றருக்குப் பெருக்கினால், அதன் விறைப்பு ஏறக்குறைய இருமடங்காகும். ஆகவே குறுக்குத் தண்டின்றியே வலிமை கிடைக்கின்றது. அடி விழும்போது முழு நீளமும் சற்று வளைந்து நிமிரவும் இடமுண்டு. றென்தால் கம்பனியார் இதே விட்டத்தில் ‘பட்பார்’ என்ற வகையையும், ஒரு குழாய்க்குள் மற்றொரு குழாய் அமைந்த ‘ருவின்வோல்’ என்ற வகையையும் பின்னர் செய்தனர்.

இவற்றுள் எது நல்லது? இலேசான உடலும் மிதமான ஓட்டமும் உடையவர்க்கு, நல்ல உலோகத்தாற் செய்த 22 மில்லிமீற்றர் ஹாண்டில் குறுக்குத் தண்டுடன் போதும், விலையும் குறைவு. உயரப் பாய்பவர்க்கும் பாரமானவர்க்கும் பருத்த வகையே தக்கது. ஒன்று கவனிக்க: பருத்த ஹாண்டில் பழைய கிளாம்பில் அடங்காது. அதற்குரிய கிளாம்பையும் சேர்த்து வாங்கவேண்டும். கடையில் விலை கேட்கும்போது இதனையும் கணக்கிற் சேர்த்துக்கொள்க.

உடலை அளந்த பின் ஹாண்டிலை அளக்க

பிறர் கால் அளவுக்குச் செருப்பு வாங்குவோர் இல்லை. ஆனால், பந்தய வீரர் ஒருவரின் படத்தைப் பார்த்து அவருடைய ஹாண்டிலையே வாங்கும் இளைஞர் உண்டு. ஹாண்டிலின் அளவுகள் முக்கியமாக மூன்று.

முதலாவது அகலம். மண்பாதை வண்டிகளில் இது பெரும்பாலும் 800 மில்லிமீற்றரை ஒட்டியிருக்கும். சர்வதேச மோட்டார் சைக்கிள் சம்மேளனத்தின் மோட்டோகுறொஸ் விதிகள் 600 மில்லிமீற்றருக்குக் குறையாமலும் 850 மில்லிமீற்றருக்கு மேற்படாமலும் இருக்கவேண்டும் என்கின்றன. நம் தோட்டத்துத் துலாவை நினைத்தால் அகலத்தின் பயன் விளங்கும். தண்டு நீளும்போது முயற்சி குறையும். ஆனால் அளவுக்கு மிஞ்சி அகன்றால் மார்பு வண்டியின்மேற் கவிழும், தோள் களைக்கும். தரையிற் கைகளை ஊன்றித் தண்டால் எடுக்கும்போது, இயல்பாகக் கைகள் எந்த இடைவெளியில் நிற்கின்றனவோ, அதுவே தொடக்கத்துக்கு நல்ல அளவு. காட்டுப்பாதையில் மரங்களுக்கிடையே ஓடுவோர் இருபது முதல் நாற்பது மில்லிமீற்றர் வரையிற் குறைத்துக்கொள்வதும் உண்டு. வெட்டுமுன், கைப்பிடியையும் லீவர்களையும் உள்ளே நகர்த்தி ஓட்டிப் பார்க்க வேண்டும். பின்னர் இருபுறமும் சமமாக, ஐந்து ஐந்து மில்லிமீற்றராக வெட்டலாம். வெட்டியதை ஒட்ட முடியாது என்பதை மறக்கலாகாது.

இரண்டாவது உயரம். உயர்ந்தவர் தாழ்ந்த ஹாண்டிலைப் பிடித்தால் முதுகு கூனும். குட்டையானவர் உயர்ந்த ஹாண்டிலைப் பிடித்தால் கைகள் தூக்கிக் கட்டியதுபோல் நிற்கும், முன்சில்லிற் பாரம் குறையும். மூன்றாவது பின்வளைவு, நுனிகள் ஓட்டுபவரை நோக்கி எவ்வளவு திரும்பியுள்ளன என்பது. இது மிகுந்தால் முழங்கை உடலோடு ஒட்டிக்கொள்ளும். திரும்பும்போது முழங்காலில் இடிக்கும். குறைந்தால் மணிக்கட்டு வெளிப்புறமாகத் திருகி நிற்கும்.

இவற்றைச் சோதிக்க எளிய வழி ஒன்றுண்டு. நண்பர் ஒருவர் வண்டியை நிமிர்த்திப் பிடிக்க, கால்மிதியில் ஏறி நில்லுங்கள். முழங்காலைச் சற்று மடித்து, தலையை நிமிர்த்தி, முழங்கைகளை வெளியே அகற்றுங்கள். கண்களை மூடிக்கொண்டு கைகளை இயல்பாக முன்னே நீட்டுங்கள். கண் திறக்கும்போது கைகளின் கீழே கைப்பிடிகள் இருந்தால் அளவு சரி. பிறகு உட்கார்ந்து, இருபக்கமும் முழுவதும் திருப்பிப் பாருங்கள். வெளிப்பக்கத்துக் கை எட்டவேண்டும். உட்பக்கத்துக் கை முழங்காலில் தட்டக்கூடாது.

பூட்டும் முறை

நல்ல ஹாண்டிலும் தவறாகப் பூட்டினால் கெட்டதாகும். முன்சில்லைத் தாங்கும் போர்க்கின் சாய்வும் ஹாண்டில் மேலெழும் சாய்வும் பக்கத்திலிருந்து பார்க்கும்போது ஒரே கோட்டில் இருப்பது நல்ல தொடக்கம். அங்கிருந்து சிறிது சிறிதாக முன்னோ பின்னோ உருட்டிச் சோதிக்கலாம். அதிகமாகப் பின்னே உருட்டினால் முழங்கை தாழும். அதிகமாக முன்னே உருட்டினால் உடற்பாரம் முழுவதும் மணிக்கட்டில் விழும்.

கிளாம்பில் மண்ணும் எண்ணெயும் இருத்தல் ஆகாது. சில வண்டிகளில் கிளாம்பின் மேன்மூடியில் ஒரு புள்ளி குறிக்கப்பட்டிருக்கும். அப்புள்ளி முன்பக்கம் பார்க்கவேண்டும். முன்போல்ட்டை முதலில் இறுக்கிய பின்னரே பின்போல்ட்டை இறுக்கவேண்டும். வேறு சிலவற்றில் இருபுறத்து இடைவெளியும் சமமாக இருக்கவேண்டும். வண்டியோடு வந்த கைந்நூலே இங்கு வேதவாக்கு. எவ்வளவு இறுக்குவது என்பதையும் அதுவே கூறும். கை வலிமை உள்ளவரையில் இறுக்கினால் கிளாம்பின் ஓரம் அலுமினியத்திற் பதியும். அந்தத் தழும்பே நாளைய வெடிப்பின் பிறப்பிடம்.

பிறேக், கிளச் லீவர்களை மிகவும் இறுக்காது, கையால் ஓங்கித் தள்ளினால் திரும்பும் அளவிற் பூட்டுவது அனுபவசாலிகள் வழக்கம். விழும்போது லீவர் திரும்பிவிடும், முறியாது.

உயர்ந்த ஹாண்டிலை மாற்றிப் பூட்டியவர்கள், கேபிள்களையும் பிறேக் குழாயையும் மறந்துவிடுகின்றனர். இருபக்கமும் முழுவதும் திருப்பும்போது கேபிள் இழுபடுமாயின், எஞ்சின் தானாகவே விரையும். எக்சிலேட்டரைத் திருகி விட்டால் அது உடனே ‘டக்’ என்று திரும்பவேண்டும். கைப்பிடி இறப்பரின் நுனி, கைக்காப்பிலோ ஹாண்டிலின் நுனியிலோ உராய்ந்தால் அது திரும்பாமல் நின்றுவிடும். வண்டியைக் கிளப்புமுன் இதனைச் சோதிப்பது ஒரு நிமிட வேலை. சோதிக்காமையின் பலன் ஓர் ஆயுள் முழுவதும் இருக்கலாம்.

கை ஏன் மரத்துப்போகின்றது?

சில சுற்றுகள் ஓடியதும் முன்கை கல்லுப்போல் விறைத்து, விரல்கள் சொல்வழி கேளாமற் போவதைப் பந்தயக்காரர் யாவரும் அறிவர். இறுகப் பிடிக்கும் தசைகளுக்கு இரத்தம் மிகுதியாகப் பாய்கின்றது, தசை வீங்குகின்றது, அதனைச் சுற்றியுள்ள உறையோ விரிவதில்லை. உள்ளே அழுத்தம் கூடி, இரத்த ஓட்டமே தடைப்படுகின்றது. இதற்கு ஹாண்டில் மட்டும் காரணமன்று. பயத்தால் இறுகப் பிடிப்பதும், முழங்கால்களால் வண்டியைப் பற்றாது கைகளாலே தொங்குவதும் பெருங் காரணங்கள். ஆயினும், அளவு பொருந்தாத ஹாண்டிலும், கைக்கு ஒவ்வாத தடிப்புள்ள இறப்பரும் அதனை விரைவில் அழைத்துவருகின்றன.

சிறிய கைக்குத் தடித்த இறப்பர் ஆகாது. விரல் நுனி உள்ளங்கையை இலேசாகத் தொடும் அளவே நல்லது. மென்மையான இறப்பர் அதிர்ச்சியைக் குடிக்கும். ஆனால் விரைவில் தேயும். இடப்பக்கத்து இறப்பரைப் பசையிட்டு, ஓர் இரவு உலரவிட்டு, மெல்லிய கம்பியாற் கட்டி, கம்பி நுனியை இறப்பருக்குள் மடித்துவிட வேண்டும். ஓட்டம் முடிந்து நெடுநேரம் சென்ற பின்னும் விரல்கள் மரத்தோ வெளிறியோ இருக்குமானால், ஹாண்டிலை மாற்றுவதோடு நில்லாது டொக்டரையும் காண்பது அவசியம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பாடசாலைச் சட்டையை அடுத்த வருஷத்துக்கும் உதவும் என்று பெரிதாகத் தைப்பிப்பது நமது வழக்கம். சிறுவரின் வண்டிக்கு அது பொருந்தாது. 50 முதல் 85 சீசீ வரையிலான சிறு வண்டிகளுக்கென்றே தாழ்வாகவும் ஒடுக்கமாகவும் செய்த ஹாண்டில்கள் கிடைக்கின்றன. பெரியவர் ஹாண்டிலைச் சிறுவன் பிடித்தால், திருப்பும்போது ஒரு பக்கத்தைக் கைவிட்டேயாக வேண்டும்.

ஹாண்டிலின் இரு நுனிகளும் அடைக்கப்பட்டிருத்தல் வேண்டும். இறப்பர் தேய்ந்து குழாயின் வாய் வெளியே தெரியுமாயின், அது விழுபவரின் உடலில் துளையிடும் கருவியாகிவிடும். சம்மேளனத்தின் விதிகளும் நுனிகளை அடைக்குமாறு கட்டளையிடுகின்றன. குறுக்குத் தண்டின்மீதும், அது இல்லாத வகையில் நடுக் கிளாம்பின்மீதும் மெத்தை கட்டவேண்டும் என்பதும் அவ்விதிகளில் உண்டு.

இன்னொன்றையும் தாய்மார் மனத்திற் கொள்ளவேண்டும். மோட்டார் சைக்கிளாயினும், சாதாரண சைக்கிளாயினும், ஹாண்டில் நுனி வயிற்றிற் குத்தி விழுந்த பிள்ளைக்கு வெளியே ஒரு சிறு வட்டத் தழும்பு மட்டும் தெரியலாம். உள்ளே ஈரலுக்கோ மண்ணீரலுக்கோ சதையத்துக்கோ காயம் ஏற்பட்டிருக்கக்கூடும்; அதன் அறிகுறி பல மணி நேரம் கழித்தும் வரலாம். “ஒன்றுமில்லை, அம்மா” என்று பிள்ளை சொன்னாலும், தாமதியாது வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

எப்போது எறிவது?

விழுந்த பின் ஹாண்டில் கோணலாகத் தெரிந்தால், உடனே அதன்மேற் பழிபோடவேண்டாம். போர்க் தன் பிடிக்குள் முறுகியிருப்பதாலும் அவ்வாறு தோன்றும். ஹாண்டிலைக் கழற்றி, ஒரு நுனியிலிருந்து கண் வைத்துப் பார்த்தும், சமமான மேசையில் வைத்து இருபக்க உயரத்தை ஒப்பிட்டும் உண்மையை அறியலாம். வளைவு ஹாண்டிலிலே என்று தெளிவானால், அலுமினியமாயின் அதன் காலம் முடிந்தது. சம்மேளனத்தின் விதிகளில் இலேசான கலப்புலோக ஹாண்டிலை ஒட்டிப் பழுதுபார்த்தல் தடைசெய்யப்பட்டுள்ளது என்பதிலிருந்தே அதன் தீவிரத்தை உணரலாம். உருக்கு ஹாண்டிலும் நிமிர்த்துந்தோறும் ஆயுளை இழப்பதே. வீட்டுக்கு வந்துசேரும் அளவுக்கு மட்டும் நிமிர்த்திக்கொண்டு, பின் மாற்றிவிடுவது நன்று.

வளையாத ஹாண்டிலையும் காலத்துக்குக் காலம் மெத்தையை நீக்கிக் கழுவி, கிளாம்பின் ஓரங்கள், வளைவுகள், குறுக்குத் தண்டு பூட்டிய இடங்கள் ஆகியவற்றை நல்ல வெளிச்சத்திற் பாருங்கள். நகத்துக்குத் தட்டுப்படும் கீறலோ மயிரிழை வெடிப்போ இருப்பின் மாற்றிவிடுங்கள். பெரிய வீழ்ச்சி ஒன்றைக் கண்ட ஹாண்டிலை, வளைவு தெரியாவிடினும் நம்பவேண்டாம். பிறர் பாவித்த ஹாண்டிலை மலிவென்று வாங்குவதும் தகாது. அது எத்தனை முறை விழுந்தது, எத்தனை முறை நிமிர்த்தப்பட்டது என்பதை விற்பவரும் சொல்லார், உலோகமும் சொல்லாது. புகழ்பெற்ற பெயரைத் தாளில் அச்சிட்டு ஒட்டிய போலிகளும் சந்தையில் உலாவுகின்றன. ஆகவே, நாளைக்கும் அதே இடத்தில் இருக்கக்கூடிய கடையில் வாங்குவது நலம்.

என் மருமகனின் எலும்பு இரண்டு மாதங்களிற் கூடிவிட்டது. மீண்டும் ஓடத் தொடங்குமுன் அவனும் நானும் சேர்ந்துபோய்ப் புதிய ஹாண்டில் வாங்கினோம். கடைக்காரர் சொன்ன விலை, நான் முன்னர் மிச்சம்பிடித்த தொகையினும் பெரிதுதான். வைத்தியச் செலவினும் மிகச் சிறிது. பூட்டும்போது போல்ட்டுகளை அவன் இறுக்க, கைந்நூலை நான் வாசித்தேன்.

பழைய ஹாண்டிலின் முறிந்த துண்டு இன்றும் என் மேசைமீது கிடக்கின்றது. வீட்டுக்கு வருவோர் அது யாதென்று வினவுவர். சிக்கனத்துக்கு ஆயிரம் இடங்கள் உண்டு, பிள்ளையின் கைகள் பற்றியிருக்கும் தண்டு அவற்றுள் ஒன்றன்று என்பதை நான் மறவாதிருக்க அதை வைத்திருக்கின்றேன் என்று விடை கூறுவேன்.